வேலை போன முதல் மாதம்: கேள்வி பதில்

கேள்வி: ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனி. 7 வருஷம் 8 மாசம் சர்வீஸ். "இன்னைக்கே ரிசைன் பண்ணிடுங்க, இல்லன்னா டெர்மினேஷன்தான்" என்கிறார் ஹெச்.ஆர். என்ன செய்யலாம் சார்?

பதில்: அந்த அறையில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். அன்றைக்கே சொந்த மெயிலிலிருந்து, "என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், நானாக விலக எனக்கு விருப்பமில்லை" என்று தேதி, நேரத்தோடு இரண்டு வரி அனுப்புங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நீங்களே விலகியதாகிவிடும். ஆட்குறைப்பு என்றால், மேலாளர், மேற்பார்வையாளர் பொறுப்பில் இல்லாதவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் உண்டு. அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டையும் கேட்பது கஷ்டம்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) ராஜினாமா செய்தாலும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் உங்களுக்கு 8 வருஷக் கணக்கு. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 40,000 என்றால், 40,000 × 15 ÷ 26 × 8 = சுமார் 1,84,615 ரூபாய்.

டெர்மினேஷன் லெட்டரில் 'ஆட்குறைப்பு' என்று காரணம் இருந்தால் அடுத்த கம்பெனியில் அது கறையே இல்லை. 'திறமைக் குறைவு' என்று எழுதியிருந்தால் உடனே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். லேப்டாப்பைத் திருப்பும் முன் சம்பள ரசீது, படிவம் 16, அப்ரைசல் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கம்பெனியின் சாஃப்ட்வேர் கோடு, ஃபைல் எதையும் தொடவேண்டாம். அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

கேள்வி: வீட்டுக் கடன் இ.எம்.ஐ. கட்ட பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிடலாமா?

பதில்: கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். 5 வருஷத் தொடர் சர்வீஸுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. 50,000 ரூபாயைத் தொட்டால் பிடித்தமும் செய்வார்கள். பென்ஷன் பங்கையும் எடுத்தால் அதுவரை சேர்ந்த சர்வீஸ் போய்விடும். 9 வருஷத்தை நெருங்கியவர் அதைத் தொடவே கூடாது. 10 வருஷம் ஆனால் 58 வயதில் மாதப் பென்ஷன்.

எடுத்தே ஆகவேண்டும் என்றால், நம் ஊரில் பாதிப் பேர் மாட்டுவது இனிஷியலில். ஆதாரில் 'முருகன் எஸ்', பி.எஃப்.பில் 'எஸ் முருகன்', பேங்கில் அப்பா பேர் முழுசாக. க்ளெய்ம் திரும்பிவிடும். முதலில் மூன்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி போடாவிட்டால், கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் போடலாம்.

பேங்குக்கு முதல் தவணை பவுன்ஸ் ஆவதற்கு முன்பே போங்கள். தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 90 நாள் தாண்டிவிட்டால் வாராக் கடன். பிறகு பேச்சே மாறிவிடும்.

கேள்வி: ஒரகடம் ஃபேக்டரியில் ஆகஸ்ட் கடைசியில் எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ.யில் வைத்தியம் நடக்கிறது. நின்றுவிடுமா?

பதில்: உடனே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பிடித்தத்துக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது பிடித்தம் இருக்கவேண்டும்; ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஒழுங்காக வேலைக்குப் போயிருந்தால் அது தாராளமாக வந்திருக்கும். வேலை இழந்தவர்களுக்கான ஈ.எஸ்.ஐ.யின் அடல் பீமித் திட்டத்தில் 90 நாள் வரை பாதிச் சம்பளமும் உண்டு, ஆயுளில் ஒரே முறை. இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டு மனுக் கொடுங்கள்.

கேள்வி: புதுக் கம்பெனியில் பழைய சம்பள விவரம் கேட்கிறார்கள். கொடுக்கணுமா அண்ணா?

பதில்: கொடுங்கள். மறைத்தால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாக 75,000 நிலையான கழிவு போட்டு வரியைக் குறைத்துப் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது பாக்கி மொத்தமாக உங்கள் தலையில் விழும்.

கேள்வி: மலேசியா வேலைக்கு ஏஜென்ட் 90,000 கேட்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம்.

பதில்: தயவுசெய்து போகாதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா, பதிவு காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பாஸ்போர்ட்டும் முதலாளி கையில் சிக்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள்.