வாழைப்பழம் சாப்பிட்டா மாத்திரைய விட்டுடலாமா?

கேள்வி: டாக்டர், வயசு 34. டிப்ரஷனுக்கு நாலு மாசமா எஸ்சிடலோப்ராம் 10 மில்லிகிராம் போடுறேன், இப்ப பரவால்ல. தினம் வாழைப்பழம் சாப்பிட்டா, மூளைல மனநிலைய பாத்துக்கற செரோட்டோனின்ங்கற ரசாயனம் தானா ஏறும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. மாத்திரைய நிறுத்திடலாமா? ஆன்லைன்ல விக்கிற 5-எச்டிபி கேப்ஸ்யூல் சேத்து போடலாமா?

பதில்: முதல்ல அந்த கேப்ஸ்யூல வாங்காதீங்க. அது மூளைக்குள்ள போய் செரோட்டோனினா மாறும், உங்க மாத்திரையும் அதே செரோட்டோனின தான் அங்க தேக்கி வைக்குது, ரெண்டும் சேந்தா செரோட்டோனின் சிண்ட்ரோம் வரலாம், அதாவது நடுக்கம், வேர்வை, படபடப்பு, பேதி, காய்ச்சல், முத்துனா ஐசியு தான். ஏற்கனவே போட்டுட்டு இப்படி ஏதாவது இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க.

வாழைப்பழத்துல செரோட்டோனின் இருக்கறது உண்மை தான். செரோட்டோனின் உடைஞ்சு வெளிய வர்றத அளக்க 5-எச்ஐஏஏன்னு ஒரு யூரின் டெஸ்ட் இருக்கு, அதுக்கு முன்னாடி வாழைப்பழம், அன்னாசி, தக்காளி எல்லாம் சாப்பிடாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்புவோம், இல்லன்னா ரிசல்ட் சும்மாவே ஏறிக் காட்டும். ஆனா அந்த செரோட்டோனின் ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள போகாது. உடம்புல இருக்கறதுல சுமார் 90 சதவீதம் குடல்ல தான் இருக்கு, அதுவும் போகாது. மூளை தனக்கு வேணுங்கறத ட்ரிப்டோஃபான்ங்கற அமினோ ஆசிட்லேர்ந்து (புரோட்டீன்ல இருக்கற ஒரு துண்டு) தானே செஞ்சுக்கணும்.

சரி, ட்ரிப்டோஃபான் இருக்கற முட்டை, பால், பருப்பு நிறைய சாப்பிட்டா? லூசின், வேலின், டைரோசின்னு மத்த அமினோ ஆசிட் எல்லாம் மூளைக்குள்ள போக அதே வாசல்ல தான் ஏறணும், ட்ரிப்டோஃபான் அளவுல கம்மி, காலைல டவுன் பஸ்ல கூட்டத்தோட ஏறப் பாக்குற ஒல்லி ஆளு மாதிரி. வெறும் மாவுச்சத்து சாப்பிட்டா இன்சுலின் சுரந்து மத்ததையெல்லாம் தசைக்குள்ள தள்ளிடும், அப்ப இதுக்கு வழி கிடைக்கும், 1971லயே ஃபெர்ன்ஸ்ட்ராம், வர்ட்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகள்ல இத காட்டிட்டாங்க. ஆனா கூட கொஞ்சம் புரோட்டீன் சேந்தாலே அந்த எஃபெக்ட் போயிடும். சாம்பாரோ தயிரோ இல்லாம வெறும் சோத்த யாருங்க சாப்பிடுறது?

அதுக்காக சாப்பாட்டுக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லல. ஆஸ்திரேலியாவுல 67 டிப்ரஷன் பேஷன்ட்ஸ வச்சு 12 வாரம் ஒரு ஸ்டடி பண்ணாங்க, 2017ல வந்துச்சு, காய்கறி, பயறு, மீன், ஆலிவ் ஆயில்னு சாப்பாட மாத்துன குரூப்ல நல்ல முன்னேற்றம், ஆனா அவங்கள்ல பெரும்பாலானவங்க ட்ரீட்மென்ட்டும் எடுத்துட்டு தான் இருந்தாங்க.

அதனால மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. திடீர்னு விட்டா தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிக்கற மாதிரி எல்லாம் வரலாம். சரியான பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் போடணும், அப்புறம் உங்க டாக்டர் தான் படிப்படியா குறைப்பாரு. வாழைப்பழம் தாராளமா சாப்பிடுங்க, மலச்சிக்கலுக்கு நல்லது.