எக்ஸிமாவுக்கு அக்குபங்சர்: களிம்பை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 34. சிறுவயதிலிருந்தே எக்ஸிமா இருக்கிறது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கமும் தோல் தடித்துக் கறுத்துவிட்டது. தூக்கத்தில் என்னை அறியாமலேயே சொறிந்துவிடுகிறேன். ஸ்டீராய்டு களிம்பு போட்டால் நாலைந்து நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பவும் வந்துவிடுகிறது. அக்குபங்சரில் நிரந்தரமாகக் குணமாகும் என்று தோழி சொன்னதால் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். சிகிச்சை முடியும்வரை டாக்டர் கொடுத்த களிம்பு எதையும் தொடக்கூடாது, தான் தரும் மூலிகைக் களிம்பை மட்டும் போட வேண்டும் என்கிறார். செய்துகொள்ளலாமா? 6 வயதான என் மகளுக்கும் இதே தொந்தரவு. அவளுக்கும் செய்யலாமா?

பதில்: அக்குபங்சர் வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். அவர் போடும் நிபந்தனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அக்குபங்சரை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எக்ஸிமா அரிப்பில் அதற்குக் கொஞ்சம் பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து மருத்துவர்கள் 2010-இல் 30 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒவ்வாமை தரும் பொருளைத் தோலில் வைத்து அரிப்பை வரவழைத்து, உரிய புள்ளிகளில் ஊசி குத்தியபோதும், சம்பந்தமில்லாத இடத்தில் குத்தியபோதும், குத்தாமலே விட்டபோதும் அரிப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். உரிய புள்ளியில் குத்தியபோது அரிப்பு குறைவாக இருந்தது. அதே குழு பின்னர் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. அதிலும் ஊசி தாக்குப்பிடித்தது. செட்டிரிசினை வென்றாலும் அது பெரிய வெற்றி இல்லை என்பது வேறு விஷயம். இந்த மாத்திரைகள் தடுப்பது ஹிஸ்டமின் என்ற, உடலில் சுரக்கும் பொருளைத்தான். எக்ஸிமா அரிப்புக்கு அது மட்டுமே காரணம் இல்லை என்பதால், அலர்ஜி மாத்திரைகள் இந்த நோயில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

இந்த ஆய்வுகளில் ஆட்கள் குறைவு. அளந்ததும் பெரும்பாலும் சிறிது நேரத்து அரிப்பைத்தான். 'நிரந்தரமாகக் குணமாகும்' என்று சொல்ல இவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

நிரந்தரக் குணம் ஏன் கஷ்டம் என்று பாருங்கள். எக்ஸிமா உள்ளவர்களின் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பலருக்கு ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவிலேயே குறை இருப்பது 2006-இல் தெரியவந்தது. அந்தப் புரதம் குறைந்தால் மேல்தோல் உலர்ந்து வெடிக்கிறது. சோப்பு, தூசி, கிருமி எல்லாம் சுலபமாக உள்ளே போகின்றன. தோலுக்கடியில் அழற்சி கிளம்பி அரிக்கிறது. சொறிந்தால் தோல் இன்னும் கிழிகிறது, மேலும் அரிக்கிறது. உங்கள் முழங்கை தடித்துக் கறுத்தது வருஷக்கணக்காகச் சொறிந்ததன் விளைவு. ஊசியால் அரிப்பு தணிந்தால் சொறிவது குறையும், அந்த அளவில் லாபம்தான். ஆனால் தோலின் வறட்சியை ஊசி போக்காது.

களிம்பை நிறுத்தினால் திரும்ப வருகிறது என்கிறீர்கள். நாலைந்து நாளில் நிறுத்துவதே அதற்குக் காரணமாக இருக்கலாம். பார்வைக்குத் தோல் சரியான பிறகும் அடியில் அழற்சி மிச்சம் இருக்கும். தடிப்பு முழுக்கத் தணியும்வரை தினமும் போட்டு, பிறகு வழக்கமாக வருகிற இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் தொடர்ந்தால் திரும்ப வருவது நன்றாகக் குறையும். உங்கள் களிம்பின் வீரியத்துக்கு இந்த முறை ஏற்றதா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு வேண்டாம் என்றால் டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது. பயத்தில் பொட்டு வைப்பதுபோல் தடவுகிறவர்கள் நிறைய. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். விரல்களையும் சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும். குளித்து ஈரத்தை ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள் மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். இது ஒரு நாளும் தவறக்கூடாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த மூலிகைக் களிம்புதான். லண்டன் மருத்துவர்கள், நோயாளிகள் கொண்டுவந்த 11 சீன மூலிகைக் களிம்புகளைப் பரிசோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 8-இல் டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்தது. அதுவும் ஸ்டீராய்டுதான், அதுவும் வீரியமானது! உங்கள் அக்குபங்சர்காரர் தருவதில் கலந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் அச்சிடாத களிம்பு, இரண்டே நாளில் அற்புதமாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடி, பெயர் தெரியாத ஸ்டீராய்டில் போய் விழ வேண்டாம்.

ஊசிக்குப் போவதானால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அரிப்புக்கு வழக்கமாகக் குத்தும் எல்ஐ 11 என்ற புள்ளி, கையை மடக்கினால் முழங்கை மடிப்பின் வெளிப்பக்கம் கோடு முடிகிற இடத்தில் இருக்கிறது. உங்களுக்கு எக்ஸிமா இருப்பதும் அந்த மடிப்பில்தான். புண்ணான, நீர் கசிகிற தோலில் ஊசி போகக்கூடாது. எக்ஸிமா தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி ஏராளமாகக் குடியிருக்கும். ஊசி அதை உள்ளே தள்ளிவிடலாம். அங்கே புண் இருந்தால் வேறு புள்ளியில் குத்தச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் உறை பிரிக்காத புது ஊசி வேண்டும். பெரும்பாலான ஊசிகள் நிக்கல் கலந்த எஃகு என்பதால், கவரிங் நகை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. சில வாரங்களில் இரவுத் தூக்கம் தேறவில்லை என்றால் மேலும் பணம் கட்ட வேண்டாம்.

மகளுக்கு ஊசி வேண்டாம். நான் சொன்ன மியூனிக் ஆய்வுகள் பெரியவர்களிடம் நடந்தவை. அந்த வயதுக் குழந்தையைப் பிடித்துவைத்துக் குத்தி வாங்கும் பலன் அழுகைதான். குத்தாமல் புள்ளியை அழுத்தும் முறை ஒன்று உண்டு. சிகாகோவில் 15 பெரியவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் எல்ஐ 11 புள்ளியில் சின்ன உலோக மணியை வைத்து, தடவைக்கு 3 நிமிடம், வாரம் 3 முறை, 4 வாரம் அழுத்தச் சொன்னார்கள். அழுத்தியவர்களுக்கு அரிப்பு குறைந்ததாகத் தெரிந்தது. சின்ன ஆய்வுதான். அவளுக்குப் பிடித்தால், புண் இல்லாத இடமாக இருந்தால், விரலால் மெதுவாக அழுத்திவிடுங்கள், கெடுதல் இல்லை. அதைவிட மாய்ஸ்சரைசர், அவள் வயதுக்கேற்ற வீரியம் குறைந்த களிம்பு, ஒட்ட வெட்டிய நகம் ஆகியவைதான் அவளுக்கு முக்கியம்.

உங்கள் இருவரில் யாருக்காவது எக்ஸிமா இருக்கும் இடத்தில் திடீரென்று வலி கூடி, ஒரே அளவில் துளைத்தெடுத்ததுபோன்ற சிறு புண்கள் கூட்டமாகக் கிளம்பிக் காய்ச்சலும் வந்தால், அது ஹெர்பீஸ் வைரஸ் பரவுவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.