வாசகர் கேள்வி - பதில்: நகாட்டாவை ஏன் இன்னும் தேடிப் பார்க்கிறார்கள்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஹிடெடோஷி நகாட்டா என்ற ஜப்பான் கால்பந்து வீரரின் பழைய வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர் 2006-லேயே ஓய்வு பெற்றவராம், அப்போது இவன் கைக்குழந்தை. இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு எப்படி இவ்வளவு ரசிகர்கள்?

பதில்: அவன் பார்ப்பதில் ஒன்று 2001 மே 6-ஆம் தேதி ஆட்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தாலி லீக்கில் ரோமா முதலிடம், யுவென்டஸ் ஆறு புள்ளி பின்னால். யுவென்டஸ் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிய ஆறாவது நிமிடத்துக்குள் அந்த அணியின் டெல் பியரோவும் ஜிடானும் ஆளுக்கொரு கோல் போட்டுவிட்டார்கள். இரண்டாம் பாதியில் ரோமா பயிற்சியாளர் கபெல்லோ, அந்த நகரமே கொண்டாடும் டோட்டியை வெளியே எடுத்துவிட்டு, அப்போது ரோமா அணியில் இருந்த நகாட்டாவை இறக்கினார். 79-வது நிமிடத்தில் தூரத்திலிருந்து அவர் அடித்த பந்து வலைக்குள் போனது. கடைசி நிமிடத்தில் இன்னொன்று அடித்தார், கோல்கீப்பர் தட்டிவிட்ட அந்தப் பந்தை சக வீரர் மோன்டெல்லா உள்ளே தள்ள, ஆட்டம் 2-2. அந்த சீசனில் ரோமா இரண்டே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது. வெளிநாட்டு வீரர்கள் எண்ணிக்கை பற்றிய விதி அந்த வாரம்தான் தளர்ந்தது, பழைய விதியே இருந்திருந்தால் அவர் அன்று விளையாடியிருப்பதே சந்தேகம்!

ஆனால் கோல் வீடியோ எத்தனையோ பேருக்கு இருக்கிறது. நகாட்டாவிடம் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஜப்பான் பத்திரிகைக்காரர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை, அதனால் 1998-லேயே சொந்த இணையதளம் தொடங்கி ரசிகர்களுக்கு நேரடியாக எழுத ஆரம்பித்துவிட்டார். ஃபேஸ்புக், ட்விட்டர் எதுவும் பிறக்காத காலம் அது. 2006 உலகக் கோப்பையில் பிரேசிலிடம் 4-1 எனத் தோற்றதும் மைதானத்தின் நடுவட்டத்தில் நெடுநேரம் மல்லாந்து கிடந்தார், ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஜூலை 3 அன்று அதே இணையதளத்தில்தான் ஓய்வை அறிவித்தார். வயது 29. கால் தளர்ந்து தடுமாறும் நகாட்டாவை யாரும் பார்த்ததே இல்லை, உங்கள் மகனும் பார்க்கப் போவதில்லை.

கேள்வி: அவரைவிடப் பெரிய ஜப்பானியர் பிறகு வரவில்லையா?

பதில்: வந்தார்கள். ஹோண்டா மூன்று உலகக் கோப்பைகளில் கோல் போட்டவர், ககாவா மான்செஸ்டர் யுனைடெட்டோடு பட்டம் வென்றவர். ஆனால் 1998-ல் நிலைமை வேறு. அதற்கு முன் இத்தாலிக்குப் போன ஜப்பான் வீரர் மியூரா ஜெனோவாவில் ஒரே சீசனில் ஒரே கோலோடு திரும்பியிருந்தார். அந்த இத்தாலியில்தான் நகாட்டா பெருஜியா அணிக்காக முதல் ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல், அந்த சீசன் லீக்கில் மொத்தம் பத்து கோல் போட்டார். அப்புறம்தான் ஐரோப்பிய கிளப்கள் ஜப்பான் பக்கம் ஆர்வமாகத் திரும்பின. முதலில் வந்து நிலைத்தவருக்கு ரசிகர்கள் காட்டும் பாசம் நியாயமானது என்றே சொல்வேன்.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்? பயிற்சியாளரா?

பதில்: இல்லை, அந்தப் பக்கமே போகவில்லை. உலகம் சுற்றினார், பிறகு ஜப்பானின் 47 மாகாணங்களுக்கும் போய் விவசாயிகள், கைவினைஞர்கள், சாகே என்னும் அரிசி மது வடிப்பவர்களைச் சந்தித்தார். இப்போது சாகேயை வெளிநாடுகளில் பரப்பும் தொழில் நடத்துகிறார்.