கணினி கேள்வி பதில்: மூன்று டிஸ்க்கை நான்காக்கும்போது

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், ரூட் உரிமையோடு தட்டுங்கள்.)

சுங்கை சிப்புட்டில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து வீடியோக்கள் எல்லாம் லினக்ஸ் கணினியில், 4 டெராபைட் டிஸ்க் மூன்றை ஒன்றுபோல் இணைத்த ரெய்டு 5-இல் இருக்கின்றன. இடம் தீர்ந்துவிட்டது. இன்னொரு 4 டெராபைட் வாங்கியாயிற்று. இருப்பதை அழிக்காமல் சேர்க்க முடியுமா?

முடியும். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க்கின் அளவு பாரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் கெட்டால் அதன் தரவை மீட்க உதவும் கணக்குக்குப் போய்விடும். ஆகவே 8 டெராபைட் 12 ஆகும்.

புதுசைத் தொடுமுன் பழசைப் பாருங்கள். மூன்றுக்கும் ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ கொடுத்து 197-ஆம் எண் வரியைப் படியுங்கள். படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள், எத்தனை என்று அது சொல்லும். அது பூஜ்யமாக இல்லையென்றால் முதலில் அந்த டிஸ்க்கை மாற்றுங்கள். தரவை நான்கு டிஸ்க்குக்கும் பரப்பும்போது பழைய மூன்றும் முழுக்கப் படிக்கப்படும். ஓரத்தில் கெட்டுக் கிடக்கும் செக்டர் அப்போதுதான் தலைகாட்டும். வீடியோக்களுக்கு வெளியே ஒரு நகலும் வேண்டும். ரெய்டு பேக்கப் ஆகாது.

அடுத்து ‘எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,சீரியல்’. புது டிஸ்க்கின் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எந்தப் பெயருக்கு நேரே வருகிறது என்று பாருங்கள். அது எஸ்டிடி என்று வைத்துக்கொள்வோம். பழைய டிஸ்க்கான எஸ்டிஏவின் பார்ட்டிஷன் அட்டவணையை (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பை) நகலெடுக்க: ‘எஸ்ஜிடிஸ்க் -ஆர் /டெவ்/எஸ்டிடி /டெவ்/எஸ்டிஏ’. இங்கே ஆர் பெரிய எழுத்து. அதை ஒட்டி வருவது புது டிஸ்க். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் புதுசின் வெறும் அட்டவணை பழசின் மேல் ஏறிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான். பிறகு ‘எஸ்ஜிடிஸ்க் -ஜி /டெவ்/எஸ்டிடி’, இதிலும் பெரிய ஜி. இது புதுசுக்கு வேறு அடையாள எண் கொடுக்கும். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கக் கூடாது.

இனி சேர்ப்பது (எம்டி0 என்பது உங்கள் ரெய்டின் பெயர் என்று வைத்துக்கொள்வோம்):

‘எம்டிஅட்ம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிடி1’

இதோடு அது உபரியாகத்தான் உட்காரும். விரிக்க:

‘எம்டிஅட்ம் --குரோ /டெவ்/எம்டி0 --ரெய்டு-டிவைசஸ்=4 --பேக்கப்-ஃபைல்=/ரூட்/எம்டி0.பேக்’

பேக்கப் ஃபைல் என்பது நகரும் தரவைத் தற்காலிகமாகக் காத்துவைக்கும் ஃபைல், வீடியோக்களின் நகல் அல்ல. அது அதே ரெய்டுக்குள் இருக்கவே கூடாது. ‘கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்’ வேகத்தைக் காட்டும். விநாடிக்கு 50 மெகாபைட் ஓடினால் 22 மணி நேரம் ஆகும். நடுவே கணினியைப் பயன்படுத்தலாம், ஆனால் எடிட்டிங்கை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.

முடிந்த பிறகும் பழைய அளவே தெரிந்தால் பதறாதீர்கள். ரெய்டின் மேல் ஃபைல்களை அடுக்கிவைக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டத்தைத் தனியாக நீட்ட வேண்டும். இஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எம்டி0’. எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்’, அதற்கு மவுண்ட் ஆன இடத்தைக் கொடுக்க வேண்டும். அப்புறமும் ‘டிஎஃப் -ஹெச்’ 12 காட்டாது, 11 என்றுதான் காட்டும். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, இந்தக் கட்டளை 1024-ஆகப் பெருக்குகிறது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: விரிவாக்கம் பாதியில் இருக்கும்போது சாயங்கால இடியில் கரண்டு போனது. திரும்பப் போட்டால் எம்டி0 எழவில்லை. ரெய்டைப் புதிதாக உருவாக்கும் ‘கிரியேட்’ கொடுத்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. எதுவரை தரவு நகர்ந்தது என்ற குறிப்பு ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்கிறது. ‘கிரியேட்’ அதன் மேல் எழுதிவிடும். ‘எம்டிஅட்ம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டிஏ1’ கொடுத்தால் ‘ரீஷேப்’ என்று தொடங்கும் வரியில் அந்த இடம் தெரியும். அரைகுறையாக எழுந்திருந்தால் ‘--ஸ்டாப்’ கொடுத்துவிட்டு,

‘எம்டிஅட்ம் --அசெம்பிள் /டெவ்/எம்டி0 --பேக்கப்-ஃபைல்=/ரூட்/எம்டி0.பேக்’

என்று கொடுத்து, கடைசியில் நான்கு பார்ட்டிஷன் பெயர்களையும் சேருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் பக்கத்து இடி மின்னலுக்கு யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதே தப்பு. யூபிஎஸ்ஸும் 22 மணி நேரம் தாங்காது. ஒழுங்காக ஷட்டவுன் செய்யும் அளவுக்குத் தாங்கினால் போதும்.

ஐந்தாவது டிஸ்க் போட்டு ரெய்டு 6-க்கு மாறலாமா?

மாறலாம். ‘--குரோ’வோடு ‘--லெவல்=6 --ரெய்டு-டிவைசஸ்=5’ கொடுங்கள். கொள்ளளவு ஏறாது, இரண்டு டிஸ்க் போனாலும் தரவு நிற்கும். இதில் பேக்கப் ஃபைல் கடைசிவரை எழுதப்பட்டுக்கொண்டே இருப்பதால் முன்னதைவிட அதிக நேரம் இழுக்கும். அந்த ஃபைலை எஸ்எஸ்டியில் வையுங்கள்.