பரிசு சுற்றும் தாளில் சளி ஒட்டுமா?

கேள்வி: நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு உறவினர்களுக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் பரிசுகளைக் கடைத்தாள் வாங்காமல், பழைய செய்தித்தாள், புடவைத் துண்டு, பைன் காய், ஜிகினாத் தூள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே சுற்றி அலங்கரிப்போம். டிசம்பர் மாலைகளில் ஜன்னலைச் சாத்தி, கரிக் கணப்பு வைத்து, குடும்பமே ஓர் அறையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யும். அந்த மாதத்தில்தான் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளி பிடிக்கிறது. 7 வயது மகனுக்கு வீசிங் உண்டு. 68 வயது மாமியாருக்குச் சர்க்கரை நோய். சளியோடு நான் சுற்றிய பொதியால் மற்றவர்களுக்குத் தொற்று பரவுமா? முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் சாப்பிடலாமா?

பதில்: பொதியின் வழியாகத் தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஃபுளூ காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸ் எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்றும், காகிதத்திலும் துணியிலும் 8 முதல் 12 மணி நேரத்திற்குள் அழிந்துவிடும் என்றும் 1982-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதிலும், வைரஸ் படிந்த மெல்லிய காகிதத்தைத் தொட்டவர் கைக்கு அது மாறியது ஏறத்தாழ முதல் கால் மணி நேரத்திற்குள்தான். எனவே இன்று கட்டி, இரண்டு நாள் கழித்துக் கொடுக்கும் செய்தித்தாள் பொதியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில், பளபளக்கும் பிளாஸ்டிக் தாளைவிட உங்கள் புடவைத் துண்டு மேலானது என்றுகூடச் சொல்லலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பொதி தயாராகும் அறையைத்தான். பரிசு சுற்றுபவர்களின் கைகளைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். செல்லோ டேப்பைப் பல்லால் கடித்து அறுப்பார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார்கள். முடிச்சு இறுகும்வரை நூலின் ஒரு முனையை வாயில் கவ்விக்கொள்வார்கள். பிறகு அதே டேப் சுருளையும் கத்தரிக்கோலையும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார்கள். சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் விரல் தோலில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அந்த விரல் மூக்கையோ கண்ணையோ தேய்த்தால் போதும். டேப்பை அறுக்கப் பல் வைத்த தாங்கி ஒன்றை வாங்கி வையுங்கள். தாள் பிரிக்க, வங்கிக் காசாளர்கள் வைத்திருப்பதைப் போல நனைத்த பஞ்சுத் துண்டு ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். வேலைக்கு உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் சோப்புப் போட்டு 20 விநாடிகள் கை கழுவுங்கள். மூக்கு ஒழுகத் தொடங்கியவருக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் பிறரோடு உட்காராத வேலையாகக் கொடுங்கள், ஏனெனில் அந்த நாட்களில்தான் வைரஸ் அதிகமாக வெளியேறும்.

கணப்பைப் பற்றி நீங்கள் தனியாக எதுவும் கேட்கவில்லை என்றாலும், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது அதுதான். சாத்திய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், அசதி என்று தொடங்குவதால் பலர் அதைக் காய்ச்சல் வருவதன் அறிகுறி என்று எண்ணி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதே அறையில் படுத்துவிடுகிறார்கள். சிலர் மறுநாள் எழுந்திருப்பதே இல்லை. காய்ச்சலும் மூக்கொழுகலும் இல்லாமல், ஒரே நேரத்தில் அறையில் இருக்கும் பலருக்கும் தலை வலித்து, வெளியே வந்தால் குறைகிறது என்றால், அது சளி அன்று. உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்று நினைத்து அதை நம்பியிருக்க வேண்டாம். கரிக் கணப்பு வீட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே கம்பளிச் சட்டை, காலுறை, வேண்டுமானால் மின்சார ஹீட்டர் போதும். கணப்பு இல்லாவிட்டாலும் அவ்வப்போது ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள். குளிர் காற்று பட்டுச் சளி பிடிக்கும் என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மூடிய அறையில் நால்வர் விட்ட மூச்சையே நால்வரும் திரும்ப இழுப்பதுதான் நோய் பரவ வசதியான ஏற்பாடு.

கணப்பை விலக்கச் சொல்வதற்கு உங்கள் மாமியார் சார்பாக இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் கணப்பின் அருகே காலை நீட்டிச் சூடேற்றும்போது, தோல் பொசுங்குவதுகூட அவர்களுக்குத் தெரியாது. காலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அது புண்ணாகி ஆற மாதக் கணக்கில் ஆகலாம். சூடான பசைத் துப்பாக்கியையும் அவர் கையில் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் சர்க்கரை ஏறும் என்பதால், அந்த நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி பரிசோதித்து, மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள். அவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும், இதுவரை போடவில்லை என்றால் நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் போடுவது நல்லது. மகனுக்கும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி தேவை. ஊசி போட்டுப் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நம் மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழையோடு இந்தக் காய்ச்சல் கூடுவதால் அடுத்த ஆண்டு மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். இந்த ஆண்டு இப்போது போட்டாலும் பயன் உண்டு.

மகனின் வீசிங்குக்கு வைரஸைப் போலவே உங்கள் அலங்காரப் பொருட்களும் காரணமாகலாம். பரணில் கிடந்த செய்தித்தாள் கட்டில் தூசியும், ஈரம் மிகுந்த நீலகிரி வீடுகளில் பூஞ்சையும் படிந்திருக்கும். ஆகவே கடந்த சில வாரத் தாள்களை மட்டும் பயன்படுத்துங்கள். புடவையைத் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே வெட்டுங்கள். பைன் காய்களை வெயிலில் நன்றாக உலர்த்தி, வெளியிலேயே தட்டி உதறி எடுத்து வாருங்கள். ஜிகினாத் தூளை விட்டுவிடுங்கள்; ஸ்பிரே பெயின்ட்டும் வார்னிஷும் அவன் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்' என்று டிசம்பரில் நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) அதைத் தொடருங்கள். விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஆன்டிபயாட்டிக் வேண்டாம். சளியை உண்டாக்குபவை 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள். அம்மருந்துகள் பாக்டீரியாவுக்கு உரியவை. முன்கூட்டிச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும், பின்னாளில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும்தான் மிஞ்சும். சளி பொதுவாக 7 முதல் 10 நாட்களில் அடங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுத்தடிக்கலாம். பையனுக்கு இருமலைத் தணிக்க ஒரு கரண்டித் தேன் போதும், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்தைக் கொடுக்காதீர்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் கலந்த இருமல் மருந்தால் 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததை நாம் மறக்கவில்லை. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் நீலகிரித் தைலத்தைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் போர்வை போர்த்தி அவனுக்கு ஆவி பிடிக்கவும் வேண்டாம். அது வைரஸைக் கொல்வதில்லை, தவறி விழுந்தால் தோலைச் சுட்டுவிடும்.

பரிசு பிளம் கேக்காகவோ முறுக்காகவோ இருந்தால் செய்தித்தாள் அதை நேரடியாகத் தொடக் கூடாது. அச்சு மையில் உடலுக்குத் தீங்கான வேதிப்பொருட்கள் இருப்பதால் செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. முதலில் வெண்ணெய்த்தாள் அல்லது மூடியுள்ள டப்பா, அதன் மேல் செய்தித்தாள் என்று கட்டுங்கள்.

கொடுக்கும் நாளில் உங்களுக்கே காய்ச்சலோ புதிதாகத் தொடங்கிய சளியோ இருந்தால், பொதிகளைக் கணவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள். காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகி, இருமல் மட்டும் மிச்சம் இருந்தால், முகக்கவசம் அணிந்து நீங்களே போய்க் கொடுக்கலாம். கைக்குழந்தையும் மிக வயதானவர்களும் உள்ள வீடுகளில் மட்டும் வாசலோடு நின்றுவிடுங்கள்.