நுகர்வோர் கேள்வி-பதில்: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட அஞ்சலட்டைகளைச் சேர்ப்பவர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். நானும் சேர்ப்பவன் என்பதால் சில பதில்களில் சூடு கொஞ்சம் கூடியிருக்கும்.

ஆன்லைனில் '100 உலகப் பாரம்பரியச் சின்னங்கள்' செட் 899 ரூபாய்க்கு வாங்கினேன். நயாகரா அருவி, கோல்டன் கேட் பாலம், மதுரை மீனாட்சி அம்மன் கோயில் எல்லாம் உள்ளே இருக்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் தேடினால் இவை இல்லை. அட்டைகளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?
– சு.கா., ஈரோடு

இன்றே அனுப்புங்கள். அந்த மூன்றும் பட்டியலில் இல்லை என்பது சரிதான். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று. விற்பவர் விளம்பரத்தை மாற்றுவதற்குள் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்து சேர்ந்ததை உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இணையத்தில் கிடைத்த படங்களை இறக்கித் தடித்த தாளில் அடித்து விற்கிறார்கள். எனக்கும் இப்படி ஒரு 'ஆசியச் சின்னங்கள்' செட் வந்தது. 'போரோபுதூர்' என்று போட்ட அட்டையில் அங்கோர் வாட்டின் ஐந்து கோபுரங்கள்! விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்ததால்தான் பணம் திரும்பி வந்தது.

பட்டியலில் உள்ள 1248 இடங்களுக்கும் அட்டைகளை மொத்தமாக எங்கே வாங்கலாம்?
– ரா.ம., கோவை

எங்கும் கிடைக்காது. தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

ஹம்பியில் கோயில் பக்கத்துக் கடையில் சீல் போட்ட பாக்கெட், 12 அட்டை, 150 ரூபாய். அறைக்குப் போய்ப் பிரித்தால் கல் தேர் மட்டுமே நான்கு. மறுநாள் போய்க் கேட்டால், பிரித்த பாக்கெட்டை எடுக்க மாட்டோம் என்றார்கள். பில்லும் தரவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் உங்களுக்கு 30 நாள் உண்டு. அப்புறம், முன்கூட்டியே பொட்டலம் கட்டிய பொருள் என்றால் தயாரித்தவர் அல்லது பேக் செய்தவரின் பெயர், முகவரி, எண்ணிக்கை, அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு எல்லாம் உறைமேல் இருக்க வேண்டும். உறை உங்களிடம் இருந்தால் அதைப் படமெடுத்து 1915-இல் புகார் செய்யுங்கள். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கடைக்குத் தினமும் ஒரு பஸ் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

இந்த சீல் பாக்கெட் விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. அட்டையின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். சேர்ப்பவருக்கு வேண்டியது பின்பக்கம். எந்த ஊர், எந்தக் கட்டடம், படம் எடுத்தவர் யார், எந்த ஆண்டு, அச்சிட்டது யார்? பாக்கெட்டை ஒட்டிவிட்டால் இதில் ஒன்றையும் பார்க்க முடியாது. பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள். பார்க்காமல் வாங்கு என்று கட்டாயப்படுத்துகிற வியாபாரம் இது.

பின்பக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு உங்களுக்கு வந்த கல் தேரையே எடுத்துக்கொள்வோம். 1856-இல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ராணுவ அதிகாரி ஹம்பியில் எடுத்த புகைப்படத்தில், விட்டலர் கோயில் தேருக்கு மேலே செங்கல்லால் கட்டிய விமானம் ஒன்று இருக்கிறது. இன்று அது இல்லை. பிறகு வந்த சீரமைப்பில் எடுத்துவிட்டார்கள். ஒரு சின்னம் காலத்தோடு எப்படி மாறுகிறது என்பதைக் கையில் வைத்துப் பார்க்க ஆண்டு போட்ட படம் வேண்டும். 'ஹம்பி' என்று ஒரே சொல்லோடு, ஆண்டும் ஆளும் இல்லாமல் வருகிற அட்டை அந்த வேலைக்கு உதவாது. என்னிடம் போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்க அட்டை ஒன்று இருக்கிறது. சுமார் 100 மீட்டர் ஆழத்தில் உப்பிலேயே செதுக்கிய புனித கிங்கா சிற்றாலயம். அதன் பின்பக்கத்தில் ஆலயத்தின் பெயர், புகைப்படக்காரர் பெயர், பதிப்பாளர் முகவரி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கின்றன. அதை அச்சிட அவர்களுக்குப் பெரிய செலவு ஆகியிருக்காது. நம் கடைகளிலும் கேட்டு வாங்குகிறவர்கள் கூடினால்தான் இது வரும். ஒரு அட்டையையாவது வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எல்லா அட்டைகளையும் லேமினேட் செய்துவிட்டேன். இப்போது விற்க நினைத்தால் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.
– வே.நா., சேலம்

வாங்க மாட்டார்கள். பிரித்தெடுக்க முயலாதீர்கள், படமும் சேர்ந்து உரியும். மிச்சம் இருப்பதையாவது லேமினேட் செய்யாமல் விடுங்கள்.

வெளிநாட்டுத் தளம் ஒன்றில் '1898-இல் அனுப்பப்பட்டது' என்று பாரிஸ் நோத்ர தாம் அட்டை, 3,000 ரூபாய். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. ஆனால் தாள் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. பின்பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. ஏமாந்துவிட்டேனா?
– ஜெ.அ., புதுச்சேரி

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கோடே காட்டிக்கொடுக்கிறது. தொடக்க கால அட்டைகளில் ஒரு பக்கம் முகவரிக்கு மட்டும்தான். செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நுணுக்கி எழுதுவார்கள். இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி என்று நடுவில் பிரிக்கும் வழக்கம் பிரிட்டனில் 1902-இல் வந்தது. பிரான்ஸில் 1903-04, ஜெர்மனியில் 1905, அமெரிக்காவில் 1907. 1898-இல் பிரெஞ்சு அட்டைக்கு நடுக்கோடு வர வழியே இல்லை.

உறுதி செய்ய இரண்டு சோதனைகள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, படத்தை விட்டுவிட்டுக் கையெழுத்தின் மேல் வையுங்கள். உண்மையான மை என்றால் கோடு தொடர்ச்சியாக ஓடும், தாளின் நாரில் கொஞ்சம் கசிந்திருக்கும். எழுத்தும் தபால் முத்திரையும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பழைய அட்டையைப் படமெடுத்துப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். படத்தில் புள்ளி இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், பழைய காலத்து அச்சிலும் புள்ளி உண்டு. அடுத்தது, ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச். இருட்டில் அடித்தால் புதுத் தாள் நீலமாக ஒளிரும். தாளில் வெண்மையூட்டி கலக்கும் பழக்கம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்ததுதான்.

பேபால் வழியாகப் பணம் கட்டியிருந்தால் 180 நாட்களுக்குள் தகராறு பதிவு செய்யலாம். தளத்தின் சொந்தக் கெடு இதைவிடக் குறைவாக இருக்கும், எனவே முதலில் அங்கே எழுதுங்கள். லென்ஸ் வழியே எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

'சர்வதேச அஞ்சலட்டை கிளப்' என்று வாட்ஸாப்பில் வந்தது. 1,999 ரூபாய் கட்டினால் 20 நாட்டுப் பாரம்பரியச் சின்ன அட்டைகள் வீட்டுக்கு வரும் என்றார்கள். கட்டினேன். அந்த எண் இப்போது இல்லை. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, முதலில் வீட்டில் சொல்லுங்கள். திருடியது அவர்கள், நீங்கள் இல்லை. உடனே 1930-க்கு அழையுங்கள். இணையப் பண மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள்.

நீங்கள் தேடியது பணம் கட்டாமலே கிடைக்கும். போஸ்ட்கிராசிங் என்ற தளத்தை 2005-இல் போர்ச்சுகலைச் சேர்ந்த பாவ்லோ மகல்யாயிஷ் தொடங்கினார். சேரக் கட்டணம் இல்லை. முகவரி ஒன்று தருவார்கள், அதற்கு ஒரு அட்டை அனுப்பி அந்த அட்டைக்குரிய எண்ணை அதில் எழுத வேண்டும். அது போய்ச் சேர்ந்து, பெற்றவர் பதிவு செய்ததும் வேறு யாரோ ஒருவர் உங்களுக்கு அனுப்புவார். செலவு அட்டைக்கும் தபால்தலைக்கும் மட்டும். உங்கள் அறிமுகப் பக்கத்தில் பாரம்பரியச் சின்னங்கள் பிடிக்கும் என்று எழுதி வையுங்கள். அனுப்புகிறவர் கட்டாயம் அதையே அனுப்ப வேண்டும் என்பதில்லை, ஆனால் பலர் தேடி எடுத்து அனுப்புவார்கள்.

யுனெஸ்கோ சின்னம் என்று ஜெர்மனியின் டிரெஸ்டன் அட்டையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பட்டியலில் டிரெஸ்டனே இல்லை! புகார் கொடுக்கப் போகிறேன்.
– மு.ச., சென்னை

கொடுக்காதீர்கள். டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு 2004-இல் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றின் குறுக்கே வால்ட்ஷ்லோஸ்ஷென் பாலம் கட்டியதால் 2009-இல் நீக்கினார்கள். ஓமனின் அரேபிய ஓரிக்ஸ் சரணாலயம் 2007-இல் போனது, லிவர்பூல் 2021-இல். நீக்கப்பட்டவை இந்த மூன்றுதான். நடுவில் அச்சான அட்டை பொய் சொல்லவில்லை. காசு கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் இது தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் கடைக்காரர் மேல் பாய்வது நியாயமில்லை. அட்டையைப் பத்திரமாக வையுங்கள், சேர்ப்பவர்கள் தேடுகிற அட்டை அது.

ஒரு சின்னத்தில் பல இடங்கள் இருந்தால் எத்தனை அட்டை வேண்டும்? எங்கள் மத்திய மலைநாட்டில் சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் என மூன்று.
– க.தி., கண்டி

ஒன்று போதும் என்பவர்களும் உண்டு, மூன்றும் வேண்டும் என்பவர்களும் உண்டு. நான் மூன்றும் வைப்பேன். சோழர் கோயில்களிலும் தஞ்சைக்கு 1987-இல் இடம் கிடைத்தது, கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல்தான் சேர்ந்தன. தாராசுரத்துக்குத் தனி அட்டை வைக்காமல் இருக்க எனக்கு மனசு வராது. ஆனால் பத்து நாடுகளில் பரவிக் கிடக்கும் ஸ்ட்ரூவ நில அளவைத் தொடருக்கு ஒன்றே போதும், அதற்கே அட்டை அகப்படாது.

பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்படுவதற்கு முந்தைய வண்ண அட்டைக்கு 60 வெள்ளி கேட்கிறார்கள். வாங்கலாமா?
– பெ.இ., சிங்கப்பூர்

அந்த விலைக்கு வேண்டாம். 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்த அந்தச் சிலைகளை 2001 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பட்டியலில் பாமியான் ஏறியது 2003-இல், அப்போது மலையில் வெறும் மாடங்கள்தான். அந்தத் துயரத்தைச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். அறுபது, எழுபதுகளில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக இந்தியா வந்த பயணிகள் பலர் ஆப்கானிஸ்தான் வழியாகத்தான் வந்தார்கள், அவர்கள் வாங்கிய அட்டைகள் இன்னும் சந்தைக்கு வருகின்றன. விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். தளத்தில் 'விற்றவை' என்று வடிகட்டி, உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையில் அட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு மாதிரி வாடையும் வருகிறது.
– தே.கு., நாகர்கோவில்

அது பி.வி.சி. உறை. உடனே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். இழுக்காதீர்கள், உறையை ஓரமாக வெட்டித் திறங்கள். நல்ல பெயருள்ள ஸ்டேஷனரி கடையில் 'போட்டோவுக்கு ஏற்றது' என்று சொல்லி எனக்கும் அதையே விற்றார்கள். பெர்ன் பழைய நகர அட்டையின் மணிக்கூண்டு உறையோடு போய்விட்டது. பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் என்று அச்சிட்ட உறைகளை மட்டும் வாங்குங்கள். ஆல்பத்தைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் ஏறும்.

பெரிய கோயில் மேக்ஸிமம் கார்டு, 600 ரூபாய். 2010-இல் வந்த ஆயிரமாவது ஆண்டுத் தபால்தலையைப் படத்தின் மேல் ஒட்டி, டெல்லி முத்திரை குத்தியிருக்கிறது. வாங்கலாமா?
– அ.ப., கும்பகோணம்

வேண்டாம். மேக்ஸிமம் கார்டில் படம், தலை, முத்திரை மூன்றும் பொருந்த வேண்டும். தஞ்சைக் கோயிலுக்கு டெல்லி முத்திரை எப்படிப் பொருந்தும்? உங்களுக்குத் தஞ்சாவூர் பஸ்ஸில் போகிற தூரம்தான். நல்ல அட்டை ஒன்று வாங்கி, தலையை வியாபாரியிடம் தனியாக வாங்கிப் படத்தின் பக்கம் ஒட்டி, தஞ்சாவூர் தலைமை அஞ்சலகத்தில் கொடுத்து முத்திரை குத்தச் சொல்லுங்கள். அழுத்தி இழுக்காமல் வட்டம் முழுசாக விழும்படி குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். தேதி தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும்.