சி ப்ரோகிராமிங் மொழியில் மாறிக்கு (வேரியபிளுக்கு) மதிப்பு கொடுக்காமல் விட்டால் பூஜ்ஜியம்தானே இருக்கும்?

இருக்கும் என்று நம்பித்தான் நானும் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன்.

1 முதல் 10 வரை கூட்டும் ப்ரோகிராம். ப்ரோகிராம் ஓடத் தொடங்கும் ஃபங்ஷனான மெயினுக்குள் 'இன்ட் மொத்தம்;' என்று ஒரு முழு எண் மாறியை அறிவித்துவிட்டு, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் 'மொத்தம் = மொத்தம் + எண்;' என்று எழுதியிருந்தேன். என் கணினியில் 55 வந்தது. லேபில் ஓட்டினால் 32822. எங்கே தப்பு என்று பார்க்க லூப்புக்கு முன்னால், திரையில் காட்டும் ப்ரின்ட்எஃப் ஒன்றைப் போட்டேன், உடனே 55! அதை எடுத்தால் பழையபடி 32822. பேய் பிடித்த மாதிரி இருந்தது.

மாறியை 'பெட்டி' என்று சொல்லித்தருவதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது என்பேன். புதுப் பெட்டி என்றால் காலியாக இருக்கும் என்றுதானே தோன்றும்? முந்தைய வகுப்பு அழிக்காமல் விட்டுப்போன கரும்பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு உங்களுக்கு இடம் பிடித்துத் தருகிறது, அவ்வளவுதான். அழிப்பது உங்கள் வேலை. என் பலகையில் 32767 கிடந்திருக்கிறது, அதன் மேல் 55 சேர்ந்துவிட்டது. ப்ரின்ட்எஃப் வந்ததும், நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இடங்களை வேறு மாதிரி ஒதுக்கியிருக்கும். அப்படிப்பட்ட மாறியைப் படித்தால் என்ன வரும் என்று சி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

எந்த ஃபங்ஷனுக்கும் உள்ளே வராமல் வெளியே அறிவித்த மாறிகளுக்கும், 'ஸ்டாட்டிக்' போட்டவற்றுக்கும் மட்டும் தொடக்க மதிப்பு பூஜ்ஜியம்தான். "எனக்கு எப்போதும் 0 தானே வருகிறது" என்று சிலர் சண்டைக்கு வருவது இதனால்தான். ஃபங்ஷனுக்குள் இருப்பவற்றை ஏன் அழிக்காமல் விட்டுவைத்தார்கள்? ஒவ்வொரு முறை ஃபங்ஷனை அழைக்கும்போதும் அழிக்க நேரமாகும். டெனிஸ் ரிட்சி உருவாக்கிய இந்த மொழியில் 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தையே திருப்பி எழுதினார்கள். கேட்காத வேலையைச் செய்யாததுதான் அதன் குணம்.

விசைப்பலகையில் தட்டுவதைப் படிக்கும் ஸ்கேன்எஃப் வழியாக மதிப்பு வாங்கினால் பிரச்சினை இல்லை என்றும் நினைக்காதீர்கள். எண் கேட்ட இடத்தில் யாராவது எழுத்தைத் தட்டினால் மாறிக்குள் எதுவுமே எழுதப்படாது, பழைய குப்பை அப்படியே இருக்கும். ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்புகளை வாங்கியது என்று திருப்பித் தரும் எண்ணைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். (அதில் மாறியின் பெயருக்கு முன் & போட மறப்பது தனிக் கதை.)

பழைய புத்தகங்களில் எல்லா மாறிகளையும் மேலேயே வரிசையாக அறிவித்திருப்பார்கள். 1989-இல் வந்த சி தரமான சி89-இன் விதி அப்படி. 1999-இல் வந்த தரத்திலிருந்து, தேவைப்படும் வரியில் அறிவிக்கலாம். நான் இப்போது கையில் மதிப்பு வந்த பிறகுதான் மாறியையே அறிவிக்கிறேன்: 'இன்ட் மொத்தம் = 0;'. ஜிசிசி கம்பைலரைப் பயன்படுத்தினால் கூடவே, எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் '-வால்' (-Wall), ப்ரோகிராமை வேகப்படுத்தச் சொல்லும் '-ஓ2' (-O2) இரண்டையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். அன்று அந்த வால் இருந்திருந்தால், மதிப்பு கொடுக்காத மாறி இது என்று கம்பைலரே பெரும்பாலும் காட்டிக்கொடுத்திருக்கும்.